ஸினோவியாவின் வியாழக்கிழமைகள்

ஸினோவியாவை நினைத்தாலே எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. நல்லவள்தான். கைமணம் உள்ளவள், யாருக்கும் கெடுதல் நினைக்காதவள். ஆனால் சந்தோஷமாக இருப்பதற்கு இப்படிப் பயந்து சாகிற பிறவியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. திருடினவள்கூட அவளைவிட நிம்மதியாகத் தூங்குவாள்.

நாங்கள் இரண்டு பேரும் மால்டோவாக்காரிகள். இத்தாலியில் பாதோவா என்ற ஊரில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அவள் சிஞ்ஞோரா எல்தா என்ற கிழவியம்மாவின் வீட்டோடு இருக்கிறாள். நான் அடுத்த தெருவில், பக்கவாதம் வந்தும் அதிகாரம் குறையாத ஒரு பழைய கர்னலிடம் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வியாழக்கிழமை மத்தியானமும் ஓய்வு. ஞாயிறு என்பது பேருக்குத்தான் ஓய்வு. கோயிலுக்குப் போவது, ஊருக்குப் பார்சல் கட்டுவது, வீட்டாரோடு போனில் பேசுவது, ஒருத்தி கதையைக் கேட்டு இன்னொருத்தி மூக்கைச் சிந்துவது என்று பொழுது போய்விடும். வியாழக்கிழமைதான் எங்களுக்கே எங்களுக்கு.

வந்த புதிதில் ஸினோவியா அந்த வியாழக்கிழமையையும் விற்றுவிட்டாள். பக்கத்தில் ஒரு நோட்டரி ஐயா இருந்தார். அவர் வீட்டில் தரை துடைப்பாள், சட்டைக்கு இஸ்திரி போடுவாள், ஃபூஃபோ என்ற கிழட்டு நாயைக் குளிப்பாட்டுவாள். ஊரில் இருக்கிற புருஷன் திமோஃபெயிடமும் மகள் ஒதிலியாவிடமும் ஃபூஃபோவின் சேட்டைகளைப் போனில் சொல்லிச் சிரிக்க வைப்பாள். ஒதிலியாவுக்கு அப்போது பத்து வயது. மூன்றாம் வருஷத்தில் நோட்டரி செத்துப்போனார். நாயை மருமகள் கொண்டுபோய்விட்டாள். அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் ஸினோவியாவுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை.

அன்றைக்கு அவள் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது. கர்னலின் வீட்டுப் படிக்கட்டில் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்ஸீனியா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்டி."

"என்னடி, எவன்?" என்றேன். எனக்கு வேறென்ன தோன்றும்?

"சீ, போடி. மரக்குதிரையைப் பார்த்தேன்."

காய்கறிச் சந்தைக்கு மேலே இருக்கிறதே பெரிய மண்டபம், அதைச் சொன்னாள். மூன்று வருஷமாகக் கீழே வெங்காயம் வாங்கியிருக்கிறாள், மேலே என்ன இருக்கிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. அன்றைக்கு என்ன தோன்றியதோ, சீட்டு வாங்கிக்கொண்டு படியேறிவிட்டாள். கப்பலைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு கூரை. ஆள் உயரத்தைவிட எத்தனையோ மடங்கு பெரிய மரக்குதிரை. சுவர் முழுக்கப் படங்கள்: மாதங்கள், நட்சத்திரங்கள், உழுகிறவன், எழுதுகிறவன், சும்மா உட்கார்ந்திருக்கிறவன். மூடும்வரைக்கும் அங்கேயே இருந்திருக்கிறாள்.

"அதுல என்னடி தப்பு?"

"என் பொண்ணு அங்க தனியா கிடக்கறா. நான் இங்க குதிரை பாக்கறேன்."

"நோட்டரி செத்ததை வீட்ல சொல்லிட்டியா?"

"நாளைக்குச் சொல்றேன்."

அந்த நாளை வரவேயில்லை. சிஞ்ஞோரா எல்தாவின் மகன் அதே மாதம் சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார். அதனால் ஊருக்குப் போகிற பணம் குறையவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. நோட்டரி போனிலே மட்டும் உயிரோடு இருந்தார். ஃபூஃபோவும் இருந்தது. மனிதன் சாகலாம், பொய்க்குச் சாவு கிடையாது.

அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பெண்களிடையே எழுதாத ஒரு சட்டம் உண்டு. ஊருக்கு அனுப்புகிற படத்தில் நாம் அடுப்பங்கரையில் நிற்கலாம், கிழவியின் சக்கர நாற்காலிக்குப் பின்னால் நிற்கலாம், கோயில் வாசலில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கலாம். நீரூற்றுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கக் கூடாது. சிரித்தால் போச்சு. 'பிள்ளையைப் போட்டுட்டுப் போனவ எப்படி மினுக்கறா பாரு' என்று ஊர் பேசும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒருத்தி ஐஸ்கிரீமோடு நின்று படம் எடுத்து அனுப்பினாள், மாமியார் அதை வைத்தே குடும்பத்தைப் பிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்களில் யாரும் வெளியிடத்தில் பல் காட்டுவதில்லை.

ஆனாலும் ஸினோவியா போகாமல் இருந்தாளா? அதுதான் இல்லை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் கிளம்பிவிடுவாள். நீல விதானம் போட்ட சின்னக் கோயில், செடிகொடித் தோட்டம், வாய்க்கால் சுற்றி ஓடுகிற பெரிய மைதானத்துச் சிலைகள், பல்கலைக்கழகத்தில் பிணம் அறுத்துப் பாடம் சொன்ன கிணறு போன்ற அறை. எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் மண்டபத்துக்கு வந்து உட்காருவாள். எந்தச் சுவரில் எந்தப் படம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். போகும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். நடையே மாறியிருக்கும்.

திரும்பி வரும்போது அந்த முகம் இருக்காது. ஊர் சுற்றிய பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறவள்போல நேரே அடுப்பங்கரைக்குப் போவாள். சும்மா சமையல் இல்லை, எங்கள் ஊர்ச் சமையலிலேயே முதுகை ஒடிக்கிற சமையல். உப்புத் தண்ணீரில் ஊறின திராட்சை இலையை ஒவ்வொன்றாகப் பிரித்து, சோறும் பன்றிக்கறியும் வைத்து, சுண்டுவிரல் கனத்துக்குச் சுருட்டி அடுக்குவாள். தவிட்டைப் புளிக்கவைத்து அதில் கோழிச் சாறு வைப்பாள். அதற்குப் போடுகிற எங்கள் ஊர்த் தழை இத்தாலியில் கிடைக்காது என்று பால்கனித் தொட்டியில் வளர்த்தாள். ஆட்டுப்பால் சீஸ் ஊர்ப் பார்சல் வண்டியில் வரும். சோளக்களிக்கு மட்டும் பஞ்சமில்லை, பாதோவாக்காரர்களுக்கும் அதுதான் சோறு. பானையைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்புவாள். 'நோட்டரி வீட்டு வேலை முடித்து வந்து செய்தேன்' என்று எழுதுவாள்.

"இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்யறியே, ஒரு வாய் நிம்மதியா சாப்பிடறியா?" என்று கேட்பேன்.

"தொண்டையில இறங்கலடி," என்பாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது பொய்யில்லை. நானும் சிஞ்ஞோராவும்தான் தின்று தீர்ப்போம்.

இப்படியே வருஷங்கள் ஓடின. இந்த அக்டோபரில் ஒதிலியா வந்து இறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்சல் வண்டியில் வந்தாள். பத்தொன்பது வயது. அப்பனுடைய உயரம், அம்மாவுடைய புருவம். ஸினோவியா அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் வண்டி ஓட்டுகிறவனே இறங்கித் தண்ணீர் கொடுத்தான். சிஞ்ஞோரா எல்தா பெரிய மனது பண்ணி, தையல் மெஷின் இருக்கிற அறையில் ஒரு வாரம் தங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தாள்.

வந்தவள் பையைத் திறந்தாள். முதலில் எடுத்தது ஒரு பெரிய ஜாடி, பச்சை அக்ரூட்டை முழுசாகப் பாகில் போட்டது.

"இது நோட்டரி தாத்தாவுக்கும்மா. நானே பண்ணினேன். ஃபூஃபோவுக்கு ஒரு கழுத்துப் பட்டையும் வாங்கிட்டு வந்தேன். நாளைக்குக் கூட்டிட்டுப் போறியா? இத்தனை வருஷம் உனக்கு வேலை குடுத்தவரு, ஒரு நன்றி சொல்லணும்ல."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றாள் ஸினோவியா. நான்தான் பக்கத்தில் இருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அவர் அபானோ போயிருக்காரு கண்ணு. மூட்டுவலிக்குச் சேத்துக் குளியல். நாயும் கூடப் போயிருக்கு," என்றேன்.

"நாய்க்கும் சேத்துக் குளியலா அத்தை?"

"இத்தாலிக்காரனுக்கு நாய்னா உசுரு."

ஒதிலியா சிரித்தாள். அப்புறம் அம்மாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தோல் தடித்துப்போன அந்த உள்ளங்கையைத் தடவினாள்.

"அம்மா, நான் சும்மா பாத்துட்டுப் போக வரல. உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். செப்டம்பர்லேருந்து வேலைக்குப் போறேன், காருக்கு வயர் கட்டற ஆலை. இனிமே நீ ஒரு வீட்டுத் தரையும் துடைக்க வேணாம். அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டியில ரெண்டு சீட்டு சொல்லி வெச்சிருக்கேன்."

ஸினோவியா "என் தங்கமே" என்றாள்.

மறுநாள் காலை சந்தையில் பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் என்னைப் பிடித்துக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது.

"எனக்குப் போக இஷ்டமில்லடி."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"எனக்குக் கண்ணு இருக்கு."

"பெத்தவ பேசற பேச்சா இது? பொண்ணு வந்து கையைப் பிடிச்சு வா வாங்கறா. எனக்கு என்ன தோணிச்சு தெரியுமா? ஐயோ, வியாழக்கிழமை போயிடுமேன்னு தோணிச்சு. நான் மனுஷியா?"

"அதை அவகிட்ட சொல்லித் தொலையேன்."

"எந்த வாயால சொல்றது? தினம் தினம் கஷ்டம் கஷ்டம்னு சொன்ன வாயாலயா? இவ்வளவு கஷ்டம்னா வந்துடும்மாங்கறா. என்னன்னு மறுக்கறது?"

தன் பொய்யே சுவர் எழுப்பி அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. மறுக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வண்டி ஏற வேண்டும். நான் திட்டினேன். அவள் பூசணிக்காய் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் சமைத்த சமையலைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். திங்கள் கோழிச் சாறு, செவ்வாய் பூசணிக்காய் வைத்த அப்பம், புதன் சோளக்களியும் பன்றி வறுவலும் பூண்டுச் சாறும். ஒதிலியா மரியாதைக்குக் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிட்டாள். புதன்கிழமை தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"கோவிச்சுக்காதம்மா. இதெல்லாம் தினமும் நானே செய்யறதுதானே. பத்து வயசுலேருந்து அப்பாவுக்கு நான்தானே களி கிண்டறேன். இத்தாலிக்கு வந்திருக்கேன், பக்கத்துக் கடையில ஒரு பீட்சா வாங்கித் தாயேன்."

ஸினோவியா உடனே ஓடினாள். ஒன்றுக்கு மூன்றாக வாங்கிவந்தாள். சிஞ்ஞோரா எல்தா ஒதுக்கின களித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இளசா இருக்கு. எங்க வீட்ல இதைவிடக் கெட்டியாக் கிண்டுவாங்க," என்று குறை சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிட்டாள். அவளுக்கு எண்பத்தெட்டு வயது, காது மந்தம், நாக்கு மட்டும் வேலை செய்யும்.

வியாழக்கிழமை வந்தது. 'நோட்டரி ஊரில் இல்லாத அதிர்ஷ்டத்தால்' ஸினோவியாவுக்கு ஓய்வு. ஒதிலியா ஊரைப் பார்க்க வேண்டும் என்றாள்.

"எனக்கும் ஒண்ணும் தெரியாதே கண்ணு. நான் எங்க போனேன், எங்க வந்தேன்? அக்ஸீனியா அத்தையைக் கூப்பிட்டுக்கலாம்," என்றாள் ஸினோவியா. கர்னலை அவர் தங்கை பொறுப்பில் விட்டுவிட்டு நானும் போனேன். இப்படி ஒரு நாடகத்தில் நான் நடித்ததே இல்லை. ஆறு வருஷம் இந்த ஊரைக் காலால் அளந்தவள், கல் பாவிய சந்தின் முனையில் நின்று, "இப்ப எந்தப் பக்கம் அக்ஸீனியா?" என்று சத்தமாகக் கேட்கிறாள். எனக்கா வழி தெரியும்? நான் சந்தையையும் கோயிலையும் விட்டால் திசை தெரியாதவள். இடது கை என்று காட்டுவேன். அவள் கண்ணால் வலது கை என்பாள். நான் திருத்திக்கொள்வேன். ஒரு காபிக் கடைக்காரன் உள்ளே இருந்து அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினான். அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள்.

"அவருக்கு உன்னைத் தெரியுமாம்மா?"

"இல்லையே. எல்லாருக்கும் இப்படித்தான் கையை ஆட்டுவாங்க. நல்ல சனங்க."

சிலைகள் இருக்கிற மைதானத்தைப் பார்த்தோம். இந்த ஊர்ப் புனிதரின் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி வைத்தோம். போதும், கால் வலிக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று நான் நொண்ட ஆரம்பித்தேன். ஒதிலியா போனைப் பார்த்தாள்.

"இங்க ஒரு பெரிய மண்டபம் இருக்காமே. உள்ள மரக்குதிரை இருக்காம்."

"அது மூடியிருக்கும்," என்றேன்.

"தொறந்திருக்குன்னு போட்டிருக்கு அத்தை."

ஸினோவியா முகத்தைப் பார்த்தேன். வெள்ளைச் சுண்ணாம்பு. ஆனாலும் பாருங்கள், அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. மகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது, எனக்குத் தெரியும். எத்தனை வியாழக்கிழமைகள் அந்த ஆசையை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

மேலே ஏறினோம். உள்ளே காவல் இருக்கிற ரெனாத்தோ, ஒல்லியான பெரியவர், நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அடடே, வியாழக்கிழமை அம்மா. போன வாரம் வரக் காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்."

ஸினோவியா புருவத்தைத் தூக்கினாள், தலையை ஆட்டினாள். "நீங்க வேற யாரையோ நெனச்சுக்கிட்டு..." என்றாள்.

"வேற யாரையோவா? நல்லா இருக்கே. வாரா வாரம் அந்த பெஞ்சுல உக்காந்து எனக்கே இந்தச் சுவரைச் சொல்லிக் குடுத்தவங்க நீங்க." அவர் ஒதிலியா பக்கம் திரும்பினார். "இதுதான் பொண்ணா? உன்னைப் பத்தி எனக்குத் தெரியாத சேதியே கிடையாதும்மா. கணக்குல புலி. இருட்டுன்னா பயம். உங்கம்மா குதிரையை முழுசா ஒரு சுத்து சுத்திட்டு, என் பொண்ணு பாத்தா என்ன சொல்லுவான்னு கேப்பாங்க. நீயே சொல்லு, எப்படி இருக்கு?"

"ரொம்ப அழகா இருக்கு. நன்றி ஐயா," என்றாள் ஒதிலியா. நல்ல இத்தாலிய மொழியில் சொன்னாள்.

அங்கேதான் ஸினோவியா செய்த தப்பு எனக்கு உறைத்தது. மகளுக்கு இவர்கள் பாஷை புரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பாஷையும் இதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அதுவும் அம்மாக்கள் இங்கே இருக்கிற பிள்ளைகள், அம்மா காதில் விழுகிற பாஷை என்னவென்று தெரிந்துகொள்ளவே அங்கே இத்தாலிய டிவியைப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். இவளுக்கு மகள் இன்னும் பத்து வயதிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஒதிலியா குதிரையைச் சுற்றிவந்தாள். சுவர்ப் படங்களைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் இடது கையா வலது கையா என்று யாரும் நடிக்கவும் இல்லை.

ஸினோவியா வந்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள். முந்தின நாளே சுருட்டி வைத்திருந்த இலைச் சுருள்களை ஏற்றினாள். கேட்டுத் தொலைத்துவிட்டால் தேவலை, இந்தப் பெண் கேட்கவே மாட்டேன் என்கிறதே என்று இருந்தது எனக்கு. அது வேகட்டும் என்று சாப்பாட்டு மேசையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். ஒதிலியா அக்ரூட் ஜாடியை எடுத்துவந்து நடுவில் வைத்தாள். சிஞ்ஞோராவின் காதருகே குனிந்து கேட்டாள்.

"நோட்டரி ஐயா சேத்துக் குளியல்லேருந்து எப்ப வருவாரு?"

"யாரு, நம்ம பிளினியோவா?" சிஞ்ஞோரா ஃபோர்க்கைக் கீழே வைத்தாள். "அவன் போன இடத்துலேருந்து யாரும் திரும்பி வர்றதில்ல பொண்ணே. செத்து எத்தனை வருஷம் ஆச்சு. அவன் சாவுக்கு உங்கம்மாதான் என்னை நாற்காலியில வெச்சுத் தள்ளிக்கிட்டுப் போனா. அது என்ன ஜாடியில? தித்திப்பா?"

ஒதிலியா மூடியைத் திறந்து அவளுக்கு இரண்டு அக்ரூட் எடுத்து வைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"எப்பலேருந்தும்மா?"

"நீ ஏழாவது படிக்கறப்பலேருந்து," என்றாள் ஸினோவியா. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்லணும்னுதான் இருந்தேன். நீ அங்க ஒத்தையா இருக்கே, நான் இங்க சுத்தறேன்னு தெரிஞ்சா உன் மனசு என்ன பாடுபடும்? அதான். உனக்காகத்தான் கண்ணு."

"எனக்காகவா?"

"நீ ஏங்கிப் போயிடுவேன்னு."

ஒதிலியாவுக்குக் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"ஏழாவதுல எங்க கிளாஸ் மொத்தமும் கடல் பாக்கப் போச்சு. நான் போகல. எங்கம்மா வியாழக்கிழமைகூட உக்கார முடியாம கிடக்கறா, நான் எப்படிக் கடல் பாக்கறதுன்னு. அப்புறமும் எங்கயும் போகல. பாட்டு, டான்ஸ் எதுக்கும் போகல. வியாழக்கிழமை மத்தியானமானா, நீ இப்ப நாயைக் குளிப்பாட்டிட்டு இருப்பேன்னு நெனச்சு நானும் வீட்டைத் துடைப்பேன். நீ செய்யறப்பவே நானும் செய்யணும்னு."

"போதும் கண்ணு."

"யாஷ் நகரத்துல எனக்குக் காலேஜ் இடம் கிடைச்சுதும்மா. கணக்குக்கு. உதவித்தொகையோட."

ஸினோவியா நிமிர்ந்தாள். "கிடைக்கலன்னு சொன்னியே."

"நீ சொன்ன மாதிரிதான் நானும் சொன்னேன். படிக்கப் போனா உன்னை இன்னும் நாலு வருஷம் இங்க உழைக்க வைக்கணும்ல. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு ஆலையில சேந்தேன். உன்னைக் கொண்டு போகணும்னு."

சிஞ்ஞோரா இன்னொரு அக்ரூட் கேட்டாள். யாரும் எழுந்திருக்காததால் தானே எடுத்துக்கொண்டாள்.

"நீ சந்தோஷமா இருந்தேன்னு தெரிஞ்சிருந்தா," என்றாள் ஒதிலியா, "நானும் கொஞ்சம் சந்தோஷமா இருந்திருப்பேன்ல."

எனக்கு அந்த நிமிஷம் ஸினோவியாமேல் இருந்த கோபமெல்லாம் போய், அவளை இழுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பெண்ணையும் அப்படித்தான். யாரை முதலில் இழுப்பது?

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள் ஒதிலியா. "நெசத்தைச் சொல்லு. வீட்டுக்கு வர உனக்கு இஷ்டமா?"

ஸினோவியா என்னைப் பார்த்தாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். இந்தத் தடவை நான் எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"இல்ல," என்றாள். சொல்லிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ஒதிலியா அழவில்லை. எழுந்துபோய், பொங்கி வழிந்துகொண்டிருந்த பானையை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

மீதி நாட்களில் இரண்டு பேரும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் ஒரு முடிவுக்கு வந்திருக்கும். சனிக்கிழமை அந்த நீல விதானக் கோயிலுக்குக்கூடச் சேர்ந்து போய் வந்தார்கள். ஸினோவியா ஒவ்வொரு படமாகச் சொல்ல, அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாளாம். "அடுத்த வருஷம் திரும்ப எழுதிப் போடலாம் கண்ணு, இடம் கிடைக்கும்," என்று ஸினோவியா சொல்லியிருக்கிறாள். "பாக்கலாம்மா," என்றாளாம். ஞாயிற்றுக்கிழமைப் போனில் நாங்கள் வீட்டாரிடம் சொல்கிற அதே பாக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி நிற்கிற திடலுக்கு மூன்று பேரும் போனோம். எங்கள் ஆட்களில் சாப்பாட்டுப் பை இல்லாமல் யாரும் வண்டி ஏறுவதில்லை, இரண்டு நாள் பயணம். ஸினோவியா விடியற்காலையிலேயே எழுந்து செய்திருந்தாள். அப்பம், இலைச் சுருள், வறுத்த கோழி, எல்லாம் துணியில் சுற்றிக் கட்டி இன்னும் சூடாக இருந்தது. ஒதிலியா பையைப் பார்த்தாள்.

"எனக்கு வேணாம்மா. வழியில ஏதாவது வாங்கிக்கறேன்."

"வெறும் வயித்தோட போவியா?"

"சரி, குடு. இலைச் சுருள் அப்பாவுக்குப் பிடிக்கும்."

வாங்கிக்கொண்டாள். அம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். என்னையும் கட்டிக்கொண்டாள். படியில் கால் வைத்தவளை ஸினோவியா கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த வாரம் முழுக்கக் கேட்கப் பயந்ததைக் கேட்டாள்.

"அப்பாகிட்ட என்ன சொல்லப்போறே?"

"எதை?"

"என்னைப் பத்தி."

ஒதிலியா யோசித்தாள். கோபமில்லை அவள் முகத்தில், அதை நான் சத்தியமாகச் சொல்வேன். குழந்தையைச் சமாதானப்படுத்துகிறவள்போல அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"நீ கவலைப்படாதே. அம்மா நல்லா உழைக்கறா, வியாழக்கிழமைகூட ஓய்வில்ல, நோட்டரி வீட்ல ஈஸ்டர் வரைக்கும் வரச் சொல்லியிருக்காங்கன்னு சொல்லிக்கறேன். ஃபூஃபோ நல்லா இருக்குன்னும் சொல்றேன். அவருக்கு அந்த நாய்க்கதைன்னா உசுரு."

வண்டிக் கதவு மூடியது. ஒதிலியா ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள். ஸினோவியா பதிலுக்குக் கையை ஆட்டவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, வண்டி திரும்பி மறைகிறவரை அப்படியே நின்றாள்.